இறந்தவரா, இல்லாதவரா?

மெய்யியல் என்றால் நூலகப் புழுதிக்குள் கிடக்கும் சங்கதி என்று நினைப்பவர்கள் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் தெருவுக்கு அது ஒரு படிவமாக வந்தது. 1990இல் கணவர் காணாமற்போன அயல்வீட்டு அம்மா ஒருவர், மரணப் பதிவு விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தார். "மாஸ்டர், இதில நான் கையெழுத்து வைச்சா, அவர் செத்துப்போனாரெண்டு நானே சொன்னதாகாதோ?" என்று கேட்டார்.

இறப்பு என்றால் என்ன? மூச்சும் இதயமும் நிற்பதே இறப்பு என்று முன்னோர் கொண்டனர். செயற்கைச் சுவாசக் கருவி வந்தபின் அந்த எல்லை குழம்பியது. 1968இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று, மீளமுடியாத மூளைச் செயலிழப்பை அளவுகோலாக முன்வைத்தது. 1994இல் இந்தியச் சட்டமும் மூளைத்தண்டு இறப்பை ஏற்றது. ஆனால் கட்டிலில் உடல் கிடந்தால்தான் இவை பயன்படும். உடலே கிடைக்காதவிடத்து?

அங்கே சட்டம் மௌனத்தை அளந்தது. ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் தகவல் இல்லையேல், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை நிரூபிக்கவேண்டும் என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் வகுத்தது. பயங்கரவாதச் செயல், உள்நாட்டுக் கலவரம் போன்றவற்றால் காணாமற்போனோரின் மரணத்தை ஓராண்டின் பின் பதிய 2010ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.

ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் 1694இல் வேறொரு வாசலைத் திறந்தார். ஒருவர் அதே ஆளாக இருப்பது உடலால் அல்ல, தன் கடந்தகாலத்தைத் தன்னுடையதென உணரும் நினைவால் என்றார். இளவரசனின் நினைவு செருப்புத் தைப்பவனின் உடலுள் புகுந்தால், அந்த ஆள் இளவரசனே என்பது அவர் காட்டிய உதாரணம்.

இது அம்மாவுக்கு ஆறுதலாகுமா? ஆகாது. லொக் சொன்னது அவரவர் சொந்த நினைவை. மனைவி மறக்காதிருப்பதால் கணவர் உயிரோடிருக்கிறார் என்றாகாது. அவர் கையெழுத்திடுவதால் கணவர் இறந்தார் என்றும் ஆகாது. இறப்பு ஓர் ஆளுக்கு நேர்வது; சான்றிதழோ நாம் அறிந்ததைச் சொல்வது. அறியாததை அறிந்ததாகச் சொல்லவைப்பதுதான் அந்த அம்மாவை வாட்டியது.

2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இந்த இடைவெளியை ஒத்துக்கொண்டது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைச் சான்றிதழ் பெறலாம். அதைக்கொண்டு நலனுதவி கோரலாம், சொத்தைப் பராமரிக்கலாம். அவர் எங்கே என்ற கேள்விக்கு அது பதிலல்ல. ஆனால் கேள்வியை மூடிவிடவும் இல்லை.

இரண்டையும் விளக்கினேன். அம்மா கொண்டுவந்த படிவத்தை நாலாக மடித்தார். "மற்றதையே நிரப்புவம் மாஸ்டர். அதில பொய் இல்லை" என்றார்.