உங்களுக்குத் தெரியுமா? – நினைவஞ்சலியில் ஒளிந்திருக்கும் வம்சாவளி

1924-இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019 பிப்ரவரி 1-இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' போன்ற நாளிதழ்களின் மரண அறிவித்தல்களும் நினைவஞ்சலிகளும் வம்சாவளி தேடுவோருக்குப் பொன். உள்ளங்கை அளவுக் கட்டம்தான்: ஒரு படம், அடியில் தோற்றம், மறைவு என இரண்டு தேதிகள். ஆனால் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என நீளும் பட்டியலைப் பாருங்கள்! கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரும் அங்கே அகப்படலாம். கிள்ளான் வட்டாரத்தில் எத்தனையோ தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகள்; தாத்தா பால்மரம் சீவிய தோட்டத்தின் பெயர் அந்தப் பழுத்த தாளில் மிஞ்சியிருக்கலாம். ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்புகளின் அரசுப் பதிவு 1855-இல்தான் கட்டாயமானது; அதற்கு முந்திய உறவுகளைத் தேட அங்கும் உள்ளூர்ப் பத்திரிகைகளைப் புரட்டுகிறார்கள். சாமிப் படத்துக்குப் பின்னால் மடித்துவைத்த பத்திரிகைத் துண்டு உங்கள் வீட்டிலும் இருக்கிறதா? இதழின் பெயரையும் தேதியையும் பின்பக்கம் பென்சிலால் இன்றே எழுதிவையுங்கள்.