முதலிடம் வாங்கித் தருகிறவர்களும் அதற்கு விலை கொடுக்கிறவர்களும்

அமெரிக்காவின் பழம்பெரும் வியாபார ஸ்தாபனங்களில் ஒன்றான ஜே.சி. பென்னி, பண்டிகைக் காலம் முழுவதும் கூகுள் தேடலில் எப்படி முதலிடத்திலேயே நின்றது என்பதை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விசாரித்து வெளியிட்டது. ஜனங்கள் உடைகளைத் தேடினாலும் படுக்கை விரிப்புகளைத் தேடினாலும் தரைக் கம்பளங்களைத் தேடினாலும் அந்தக் கடையே முன்னால் வந்து நின்றதற்குக் காரணம், சரக்கின் மேன்மையன்று. நாய்கள், காமிராக்கள், வியாதிகள், பல் வைத்தியம் என்று உடைக்கும் விரிப்புக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாத இணையதளங்களில், 2,000-க்கும் மேற்பட்ட பக்கங்களில், அந்தக் கடைக்கு வழிகாட்டும் இணைப்புகள் செருகப்பட்டிருந்தன. விஷயம் தெரிந்த கூகுள் நடவடிக்கை எடுத்த அன்று மாலை, ஒரு பிரயாணப் பெட்டிக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த அதன் பக்கம் இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போயிற்று. தனக்குத் தெரியாமல் நடந்ததென்று சொன்ன ஸ்தாபனம், தான் அமர்த்தியிருந்த ஆலோசகர்களை விலக்கிவிட்டது. ஆனால் தேடலில் சரிந்தது ஆலோசகர்களின் பெயரன்று, கடையின் பெயர்தான். இணையதளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டிய விஷயம் இது: உங்கள் பெயரால் யார் எதைச் செய்தாலும் தண்டனை உங்களுக்கே வந்து சேரும்.

இந்தத் தந்திரம் பலித்த காரணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்து 1998-இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும், ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிற அறிஞர்கள் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளப்பதுபோல, ஓர் இணையப் பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளைக் கொண்டு அதன் மதிப்பை அளக்கலாம் என்று கண்டார்கள். ஆகவே ஒவ்வொரு இணைப்பும் ஒரு சிபாரிசு. காசு கொடுத்து வாங்கிய பேக்லிங்க், அதாவது பிற தளத்திலிருந்து வரும் இணைப்பு, பொய்ச் சிபாரிசாகும். அதனால் வஞ்சிக்கப்படுவது கூகுள் மட்டுமல்ல, நல்ல சரக்கு இருக்குமிடம் எதுவென்று நம்பிக் கேட்ட சாதாரண மனிதரும்தான்.

வேறு உபாயங்களும் உண்டு. 2006 பிப்ரவரியில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தளம் கூகுள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. தேடுபொறியின் பார்வைக்குப் ‘பழைய கார்’ என்னும் பொருள்பட்ட சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்கிய ஒரு பக்கமும், மனிதர் திறந்தால் வேறொரு பக்கமும் காட்டப்பட்டதே குற்றம். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், தேடுகிறவர்கள் தட்டும் கீவேர்டுகளை ஒளித்துவைப்பது இதன் எளிய வடிவம். உங்கள் தளத்தைத் திறந்து, கன்ட்ரோல் விசையோடு ‘ஏ’ எழுத்தை அழுத்தி முழுவதையும் தெரிவுசெய்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதிருந்த வாசகங்கள் பெரும்பாலும் அங்கே நிறம் மாறித் தோன்றிவிடும். தேடலில் முந்துவதற்கென்றே இயந்திரத்தைக் கொண்டு கணக்கில்லாமல் பக்கங்களை உற்பத்தி செய்வதையும், காலாவதியான நல்ல டொமைன் பெயர்களை வாங்கி அவற்றின் பழைய கௌரவத்தில் குளிர்காய்வதையும் 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் வெளிப்படையாகத் தடுத்திருக்கிறது.

நேர்மையான மார்க்கம் நிதானமானது. ஆனால் நிலைத்து நிற்பது. பவானி ஜமக்காளம் விற்கிற ஒருவர், அது எந்தத் தறியில் எப்படி நெய்யப்படுகிறது, எத்தனை பேர் உட்காரும் கூடத்துக்கு எந்த அளவு பொருந்தும், சாயம் போகாமல் எப்படி அலசுவது என்று, வாங்குகிறவர் கடையில் வந்து கேட்கக்கூடிய ஒவ்வொரு சந்தேகத்துக்கும் தம் அனுபவத்திலிருந்து பதில் எழுதிவைத்தால், அதைவிடச் சிறந்த எஸ்.இ.ஓ., அதாவது தேடலில் முன்னுக்கு வரும் வழி, எனக்குத் தெரியவில்லை. பக்கத்தின் தலைப்பு உள்ளே இருப்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். கைபேசியில் தாமதமின்றித் திறக்க வேண்டும். படங்களுக்கு எழுத்தில் விவரணை தர வேண்டும். அந்த விவரணை, பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் மூலம் பக்கத்தைக் கேட்கும்போது அவர்களுக்கும் உதவுகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதைச் செய்யலாம். பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகுமென்று கூகுளே சொல்கிறது.

அப்படியிருக்க, ‘முப்பதே நாளில் முதலிடம், கியாரண்டி’ என்று ஒரு ஏஜென்சி சொன்னால், அந்த உத்தரவாதத்தை எவராலும் தர முடியாதென்று கூகுள் அறிவித்திருப்பதை நினைவில் கொள்ளுங்கள். விளம்பரங்களுக்குப் பணம் வாங்கும் கூகுள், அவற்றுக்குப் புறம்பான தேடல் வரிசையில் இடம் தருவதற்குப் பணம் வாங்குவதில்லை. பணம் கொடுக்கும் முன்பே எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். பிறர் பெயரில் இருந்தால், மனஸ்தாபம் வந்த நாளில் உங்கள் கடையின் திறவுகோல் அவர் கையில் இருக்கும். தளத்தின் தேடல் நிலையைக் கூகுள் அதன் உரிமையாளருக்குத் தெரிவிக்கும் சர்ச் கன்சோல் என்ற கருவியிலும் உரிமையாளர் நீங்களாக இருக்க வேண்டும். எந்தெந்தத் தளங்களிலிருந்து, எந்த வழியில் பேக்லிங்க் பெற்றார்கள் என்ற பட்டியலை மாதந்தோறும் கேளுங்கள். அது தொழில் ரகசியமென்று மறுப்பவரிடம் தளத்தை ஒப்படைக்க வேண்டாமென்பதே என் திடமான அபிப்பிராயம்.

தண்டனை வந்தேவிட்டால் சர்ச் கன்சோலில் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பகுதி காரணத்தைச் சொல்லும். பொய் இணைப்புகளை நீக்கச் செய்து, நீக்க முடியாதவற்றை ‘டிஸ்அவோ’ கருவியால் விலக்கி, செய்ததை மறைக்காமல் எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். பிறர் உங்கள் தளத்துக்குள் புகுந்து இணைப்புகளைப் புதைத்திருந்தால், அது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் கீழ்க் குற்றம். ஏஜென்சி ஒப்பந்தத்தை மீறி நஷ்டம் விளைவித்தால் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி சிவில் நீதிமன்றத்தில் ஈடு கேட்கலாம். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்ட முடிந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்படி மோசடிப் புகார் தரலாம். வியாபார நோக்கத்துக்காகப் பெற்ற சேவை என்ற காரணத்தால் நுகர்வோர் ஆணையம் உங்கள் மனுவை ஏற்காமல் போகக்கூடும். ஆகையால்தான் ஒப்பந்தத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

தேடுகிறவர்களுக்கு நேரும் கெடுதல் இதைவிடக் கொடியது. வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, மோசக்காரர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்திய பொய் எண்ணை அழைத்து, அவர்கள் கேட்ட ஓ.டி.பி.யைச் சொல்லிச் சேமிப்பை இழந்தவர்கள் பலர். ரிசர்வ் வங்கியே 2022-இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டில் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. வங்கியின் சேவை எண்ணைப் பாஸ்புத்தகத்திலோ ஏ.டி.எம். அட்டையின் பின்புறத்திலோ பாருங்கள். சரக்கைப் பற்றிய பொய் விளம்பரத்தால் ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அத்தகைய விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்; கணக்கு விட்டுக் கணக்கு மாறும் முன்பே பணத்தை முடக்கிவைக்க அதனால் வழி ஏற்படலாம். அழைக்கும்போது பரிவர்த்தனை எண்ணும் நீங்கள் பேசிய தொலைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும். அந்த எண்ணைக் காட்டிய தேடல் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அது அங்கே இல்லாமல் போகலாம்.