பாளையத்திலே எழுந்த சபை

இலக்கியத் தொடர் ஒன்றிலே ஒரு திருச்சபையின் கதைக்கு என்ன இடம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். அதற்கான விடை ஒரு நூலிலே இருக்கிறது. எம்மா ரௌஷன்புஷ் கிளௌ என்ற அம்மையார் 1899 இல் ‘செருப்புத் தைக்கையிலே’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆங்கில நூலை வெளியிட்டார். தெலுங்கு நாட்டிலே மாதிகர் எனப்படும் தோல்தொழிலாளரின் வாய்மொழிக் கதைகளே அந்நூலின் உயிர். அந்த மக்கள் கட்டி எழுப்பியதுதான் ஒங்கோல் பப்டிஸ்ட் திருச்சபை.

ஒங்கோல், நெல்லூருக்கும் குண்டூருக்கும் இடையே அமைந்த பட்டினம். அதனைச் சூழ்ந்த கிராமங்களிலே உயர்ந்தோர் வாழ்வது ‘ஊரு’; மாதிகர் வாழும் ஒதுக்குப்புறம் ‘பாலெம்’. நம்முடைய ‘பாளையம்’ என்ற சொல்லின் உறவுதான் அது. தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில், ஊர், சேரி என்று நாம் பிரித்து வைத்த பிரிவினையே அங்கும் வேறு பெயரிலே நிற்பதை நான் காண்கிறேன்.

அமெரிக்க பப்டிஸ்ட் மிஷனரிமார் 1836 இலே தெலுங்கு மக்களிடையே பணி தொடங்கினர். 1840 இல் நெல்லூரில் நிலைகொண்டனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விதைத்தும் விளைச்சல் மிகச் சொற்பமே. 1853 இலே அமெரிக்காவில் கூடிய மிஷன் கூட்டத்தில், இந்தப் பணியைக் கைவிடலாமா என்பதே விவாதமாயிற்று. உலகப் படத்திலே தன்னந்தனியாக நின்ற அந்த மிஷனுக்குத் ‘தனி நட்சத்திரம்’ என்ற பெயரும் அப்போதுதான் வாய்த்தது. சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் என்ற கவிஞர் அப்பெயரை வைத்து ஒரு கவிதையும் பாடினார்.

ஜோன் கிளௌ என்ற இளம் மிஷனரி 1866 இல் ஒங்கோலுக்கு வந்தார். 1867 ஜனவரி 1 ஆம் திகதி எட்டுப் பேருடன் சபை நிறுவப்பட்டது. ஆயினும், அது வளர்ந்த கதைக்கு நாயகன் அவரல்லர். பேரையா என்ற தோல் வியாபாரியே. இராஜயோகம் போதித்த ஒரு குருமரபில் முன்னரே சீடராயிருந்தவர் அவர். வியாபாரத்துக்காக வடக்கே சென்ற இடத்தில் கிறிஸ்தவ போதனையைக் கேட்டு, 1866 இலே ஞானஸ்நானம் பெற்றார். தோல் வாங்கவும் விற்கவும் நடந்த அதே பாதைகளிலே, உறவினர் வீடு உறவினர் வீடாகச் சென்று தாம் கேட்டதைச் சொன்னார். சபை பரவியது பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவின் வழியாகவே எனலாம்.

இதனால் கிளௌவுக்கு ஒரு சோதனை நேர்ந்தது. தாழ்த்தப்பட்டோரைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று, அவரது பள்ளியை ஆதரித்த உயர்சாதியினர் கூறிவிட்டனர். அவர் பாளையத்தையே தெரிந்தெடுத்தார்.

சபையிலே சேர்வோர்க்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் எளியவை: ஞாயிறன்று வேலை செய்யலாகாது, செத்த மாட்டின் இறைச்சியை உண்ணலாகாது, பிற தெய்வங்களை வழிபடலாகாது. இவை வெறும் சமய ஆசாரங்களாகத் தோன்றலாம். ஆனால் நிலவுடைமையாளன் அழைத்த நாளிலெல்லாம் ஏவல் செய்வதும், செத்த மாட்டை அகற்றுவதும், ஊர்த் திருவிழாவிலே பறை அடிப்பதும் மாதிகரின் பிறவிக் கடமைகளாக இருந்தன. மூன்று நிபந்தனைகளும் அந்த மூன்று கடமைகளையுமே தொட்டன. ஆகவே ஊர் சினந்தது, கூலி மறுக்கப்பட்டது, கிணற்றடியிலே தடை விழுந்தது. பறை அடிக்க மறுப்பதென்றால் என்ன என்பதை நம் நாட்டு வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பின்னர் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம் வந்தது. சென்னையிலிருந்து வடக்கே நீளும் பக்கிங்காம் கால்வாயிலே மூன்றரை மைல் தூரத்தை வெட்டும் ஒப்பந்தத்தைக் கிளௌ எடுத்து, பசித்தவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். உபதேசிமாரே மேற்பார்வையாளராயினர். மண் சுமந்தவர்கள் ஓய்ந்திருந்த வேளையில் அவர்கள் போதித்தனர். ஞானஸ்நானம் கேட்டுப் பலர் வந்தனர். கிளௌ மறுத்தார். ‘சோற்றுக்காக மதம் மாறினர்’ என்ற பழி சபைமீது விழலாகாது என்று ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் ஒருவரையும் அவர் சேர்க்கவில்லை. நிவாரணம் முடிந்தது என்று அறிவித்த பின்னரும் மக்கள் வந்தனர். 1878 ஜூலை 3 ஆம் திகதி, குண்ட்லகம்மா ஆற்றங்கரையிலே 2,222 பேர் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றனர். தெலுங்கு உபதேசிமார் அறுவர், இருவர் இருவராக முறைமாறி ஆற்றில் இறங்கி அதனை நிறைவேற்றினர். கிளௌ அன்று ஒருவருக்கும் தம் கையால் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை.

பழி முற்றாக நீங்கியது என்று சொல்ல முடியாது. பசியும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சிலே குடியிருக்கும்போது இரண்டையும் தனித்தனியே நிறுப்பதற்கு எவரிடம் தராசு இருக்கிறது? ஆனால், கூலியும் கிணறும் மறுக்கப்படும் என்று அறிந்தே 1867 இலிருந்து சேர்ந்தவர்களைச் சோற்றுக்கு விலைபோனவர்கள் என்று கூறுவது நியாயமாகாது என்பதே என் கருத்து.

பிற்காலத்திலே இப்பெருஞ்சபை பல சபைகளாகப் பிரிந்து வளர்ந்தது. 1962 இல் தெலுங்கு பப்டிஸ்ட் திருச்சபைகளின் சமாவேசம் என்ற சுதேச அமைப்பு உருவானது. இருந்தும் சாதி ஒழிந்துவிடவில்லை. ஒங்கோலுக்கு வடமேற்கே உள்ள வினுகொண்டாவிலே 1895 இல் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்த கவிஞர் குர்ரம் ஜாஷுவா, 1941 இலே ‘கப்பிலம்’ என்ற காவியத்தை எழுதினார். காளிதாசன் மேகத்தைத் தூதுவிட்டான். ஜாஷுவாவின் தீண்டப்படாத நாயகனோ வௌவாலைத் தூதுவிடுகிறான். தன்னால் நுழைய முடியாத கோயிலுக்குள்ளே வௌவால் நுழையும் அல்லவா? செருப்புத் தைத்தபடி கதை சொன்ன பாளையத்தின் குரலை விளங்கிக்கொள்ளாமல், ‘கப்பிலம்’ போன்ற ஒரு காவியத்தின் வேதனையை நாம் முழுமையாக உணர முடியாது.