நீண்ட நடைக்குச் சப்பாத்து வாங்குவோரும் விற்போரும்

மலைநாட்டுச் சப்பாத்துக் கடைகளுக்கு அண்மைக்காலமாகப் புதுவகை வாடிக்கையாளர் ஒருவர் வரத் தொடங்கியிருக்கிறார். அவருக்குப் பாடசாலைச் சப்பாத்தும் வேண்டாம், பெருநாள் சப்பாத்தும் வேண்டாம். "நானா, பத்து நாள் நடக்கப் போறோம், அதுக்குத் தோதா ஒன்னு காட்டுங்க" என்கிறார். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல பக்கமாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ ட்ரெயில்' நடைபாதை இதற்கு ஒரு முக்கிய காரணம். 22 கட்டங்கள், முந்நூறு கிலோ மீற்றருக்கும் அதிகமான தூரம். பெரும்பகுதி வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகள். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இந்த வழியில்தான் வருகிறது.

இந்த வாடிக்கையாளருக்கு நாம் எதை எடுத்துக் கொடுக்கிறோம்? அநேகமான கடைகளில் கை உடனே போவது உயரமான, பாரமான தோல் பூட்ஸ் இருக்கும் தட்டுக்குத்தான். விலை கூட, இலாபமும் கூட. வருபவரும் மலைக்கு அதுதான் சரி என்ற எண்ணத்தோடுதான் வந்திருப்பார். ஆனால் உலகின் மிக நீண்ட பாதைகளில் மாதக்கணக்காக நடப்பவர்கள் இன்று அதை அதிகம் அணிவதில்லை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஏறத்தாழ 3,500 கிலோ மீற்றர். பசிபிக் கிரெஸ்ட் பாதை 4,200 கிலோ மீற்றருக்கும் மேல். இவற்றை முழுமையாக நடந்து முடிப்பவர்களில் பெரும்பாலோரின் கால்களில் இருப்பது 'ட்ரெயில் ரன்னிங்' சப்பாத்து. காட்டுப் பாதையில் ஓடுபவர்களுக்கென்று செய்யப்பட்ட, கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும் இலேசான சப்பாத்து அது.

இதொன்றும் நேற்று வந்த மோஸ்தர் அல்ல. 1955 இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது மூதாட்டி அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். அவர் அணிந்திருந்தது சாதாரண கன்வஸ் சப்பாத்து. தோளில் தானே தைத்த ஒரு பை. 1990களில் ரே ஜார்டின் என்ற நடைபயணி பாரத்தைக் குறைக்கும் முறைகளைப் பற்றி நூல் எழுதிய பிறகு, பூட்ஸைக் கழற்றிவிட்டு ஓட்டச் சப்பாத்துக்கு மாறியவர்கள் பலர்.

காரணம் வெறும் கணக்குத்தான். காலில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் சுமக்கும் ஏறத்தாழ ஐந்து கிலோவுக்குச் சமமான களைப்பைத் தரும் என்பது இராணுவ ஆய்வுகளில் கண்ட விடயம். தோல் பூட்ஸ் ஒரு சோடி ஒன்றரைக் கிலோ வரை வரும். ட்ரெயில் சப்பாத்து ஒரு சோடி அறுநூறு, எழுநூறு கிராம். வித்தியாசம் எண்ணூறு கிராம் என்று வைத்தாலும், முதுகில் நாலு கிலோ அரிசியைக் கட்டிவிட்டது போலத்தான். பதினைந்து கிலோ மீற்றர் நடக்கும் ஒருவர் அன்றைக்கு இருபதாயிரம் அடி அளவில் எடுத்து வைக்கிறார். ஒவ்வோர் அடியிலும் அந்தப் பாரம் தூக்கப்படுகிறது.

"கணுக்கால் பிரண்டுட்டா?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏற்கனவே கணுக்கால் பிரண்டு பலவீனப்பட்டவர், இருபது கிலோவுக்கு மேல் சுமப்பவர், பனி மலைக்குப் போகிறவர் ஆகியோருக்கு உயரமான பூட்ஸ் கொடுப்பதில் பிழையில்லை. மற்றவர்களுக்குக் கணுக்காலைப் பிடித்து வைத்திருப்பது அதைச் சுற்றியுள்ள தசைகளும் நரம்புகளுமே தவிர, மேலே சுற்றிய தோல் அல்ல. தடித்த, உயர்ந்த அடியின் மேல் நிற்கும் கால்தான் பிரளவும் எளிது.

அடுத்த கேள்வி, "தண்ணி போகாத சப்பாத்து இருக்கா?" இருக்கிறது. கோர்-டெக்ஸ் போன்ற மென்சவ்வு வைத்துத் தைத்தவை. விலையும் கூடுதல். குளிர் நாட்டுக்கு அது நல்லது. நமது மலைநாட்டு மழையிலோ தண்ணீர் துணியை ஊடுருவி வருவதில்லை. காலோடு வழிந்து மேல் வாயால் உள்ளே போகிறது. போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும். அடுத்த நாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். வலைத்துணிச் சப்பாத்து உடனே நனையும், ஆனால் நடக்க நடக்கவே தண்ணீரை வெளித்தள்ளிவிட்டுக் காயத் தொடங்கும். இதை விளங்கப்படுத்தி விலை குறைந்ததைக் கொடுக்கும் கடைக்காரருக்கு அன்று சில ஆயிரம் ரூபா குறையும். அந்த வாடிக்கையாளர் தன் கூட்டாளிகளையும் அழைத்து வருவார் என்பதை அனுபவமுள்ளவர்கள் அறிவார்கள்.

மேசு விடயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பருத்தி மேசு ஈரத்தைப் பிடித்து வைத்து, தோலை ஊற வைத்து, கொப்புளத்தை உண்டாக்கும். மெல்லிய கம்பளி அல்லது செயற்கை நூல் மேசு மூன்று சோடி போதும். அட்டைக் கடிக்கு முழங்கால் வரை வரும் நெருக்கமாக நெய்த அட்டை மேசு தனியாக வேண்டும். அந்த வேலையைச் சப்பாத்திடம் எதிர்பார்க்கக் கூடாது.

இனி அளவு. இங்கேதான் அதிகமானோரின் நடை பாழாகிறது. நீண்ட தூரம் நடக்கும்போது கால் வீங்கும். ஆகவே சப்பாத்தைக் காலையில் போட்டுப் பார்த்து வாங்காமல் பின்னேரத்தில், நடைக்குப் போடப்போகும் அதே மேசோடு, இரண்டு காலிலும் போட்டுப் பார்க்க வேண்டும். பலருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. பெரிய காலுக்கே அளவு. மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் வெற்றிடம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல்கள் முன்னே போய் முட்டி, நகம் கறுத்து, பிறகு கழன்று விழும். பாவா ஆதம் மலையில் ஏறி இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சும் இறங்கும்போது விரலும் என்பார்கள்.

வழமையாகப் போடுவதைவிட அரை இலக்கம் முதல் ஓர் இலக்கம் வரை கூட்டி எடுப்பது வழக்கம். ஆனால் எந்த இலக்கம் என்று பார்க்க வேண்டும். பிரித்தானிய அளவில் ஓர் இலக்கம் கூடினால் நீளம் ஏறத்தாழ எட்டரை மில்லி மீற்றர் கூடும். ஐரோப்பிய அளவில் ஆறரை மில்லி மீற்றரைச் சற்றுத் தாண்டும். ஆண்களின் அமெரிக்க 9 என்பது பிரித்தானிய 8. இந்தக் குழப்பத்தில் சிக்காமலிருக்க, கடதாசியில் பாதத்தை வரைந்து சென்ரிமீற்றரில் அளந்து, நாக்கின் உட்புற லேபலில் உள்ள சென்ரிமீற்றர் இலக்கத்தோடு ஒப்பிடுவது நல்லது.

நீளத்தைவிட அகலம் முக்கியம் என்பேன். சிறு வயதிலிருந்து செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம்மவர் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். ஒடுங்கிய முன்பாகமுள்ள சப்பாத்தை நீளம் கூட்டி எடுத்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள். குதிக்கால் தளர்ந்து உராயும், சுண்டுவிரல் அப்போதும் நெருக்குப்படும். அல்ட்ரா போன்ற நிறுவனங்கள் பாத வடிவிலேயே முன்பாகத்தை அகலமாகச் செய்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றில் குதிக்காலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும். குதி உயர்ந்த சப்பாத்துக்குப் பழகியவர் அதைப் போட்டு முதல் நாளே இருபது கிலோ மீற்றர் நடந்தால் கெண்டைக்கால் நொந்துவிடும். சில வாரங்கள் சிறிது சிறிதாகப் பழக வேண்டும்.

அடிப்பகுதியில் பல் ஆழமாக இருந்தால் நல்லது என்று பொதுவாக நினைக்கிறார்கள். சேற்றுக்கு ஐந்து, ஆறு மில்லி மீற்றர் பல் சரி. தோட்டப் பாதையோ கல், தார், சீமெந்துப் படி எல்லாம் கலந்தது. அங்கே ஆழமான பல் சீக்கிரம் தேயும், ஈரக் கல்லில் வழுக்கவும் செய்யும். மூன்று, நாலு மில்லி மீற்றர் பல்லும் இளகிய றப்பரும் போதும்.

ஆயுள் விடயத்தை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும். இச்சப்பாத்துகள் பெரும்பாலும் ஐந்நூறு முதல் எண்ணூறு கிலோ மீற்றர் வரைதான். பிறகு மேலே புதிது போல் இருந்தாலும் நடுவிலுள்ள மெத்தை அமுங்கி இறுகிவிடும். ஒரு சோடி 30,000 ரூபா, 600 கிலோ மீற்றர் உழைக்கிறது என்று வைத்துக்கொண்டால் கிலோ மீற்றருக்கு 50 ரூபா. 60,000 ரூபா பூட்ஸ் 1,500 கிலோ மீற்றர் உழைத்தால் 40 ரூபா. கணக்கில் பூட்ஸ் மலிவு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வருடத்தில் ஒரு முறை முந்நூறு கிலோ மீற்றர் நடப்பவர் அந்த 1,500 ஐ எப்போது எட்டுவது?

எட்டுவதற்கு முன் சப்பாத்தே உடைந்து போகலாம். பூட்ஸ் பலவற்றின் நடு அடி பொலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. ஈரக் காற்று பட்டுப் பட்டு அது பெட்டிக்குள் இருக்கும்போதே சிதைந்துவிடும். ஐந்து, ஆறு வருடம் களஞ்சியத்தில் கிடந்த சோடி பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும். கழிவு விற்பனையில் அப்படியொன்றை வாங்கிப்போன இளைஞர் ஒருவருக்கு இரண்டாம் நாளே அடி கழன்று முதலை வாய் பிளந்தது போலானது. கயிற்றால் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். அடியைப் பெருவிரலால் அழுத்தும்போது வெடிப்போ தூளோ தெரிந்தால் அந்தச் சோடியை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ட்ரெயில் சப்பாத்துகளில் பெரும்பாலும் பயன்படும் ஈ.வி.ஏ. இப்படி உதிராது, ஆனால் வருடக்கணக்கில் கிடந்தால் இறுகும். உள் லேபலில் உற்பத்தித் திகதி இருந்தால் வாசித்துவிட்டே காசைக் கொடுங்கள். விற்பவர் பழைய இருப்பென்று தெரிந்தால் அதைச் சொல்லியே விலை குறைக்க வேண்டும்.

நனைந்ததை அடுப்புக்கு அருகே காய வைக்க வேண்டாம், பசை விட்டுவிடும். பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணித்தியாலத்தில் மாற்றினால் இரவுக்குள் பெரும்பகுதி காய்ந்துவிடும். வியாபாரப் பக்கத்தை வாசித்து முடித்த பிறகு தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சப்பாத்தின் மேல் ஓரத்தில், சற்றுப் பின்தள்ளி, யாரும் நூல் கோர்க்காத ஒரு துளை இரு பக்கமும் இருக்கும். அழகுக்கு வைத்ததல்ல. நூலை அந்தத் துளையால் அதே பக்கமாகத் திரும்ப விட்டு ஒரு வளையம் செய்து, எதிர்ப்பக்க நூலை அதற்குள் கோர்த்து இழுத்துக் கட்டினால் குதிக்கால் அசையாது நிற்கும். இறக்கம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து இப்படிக் கட்டிக்கொள்ள வேண்டும். கடையில் சப்பாத்தைக் கொடுக்கும்போதே ஒரு தடவை கட்டிக் காட்டிவிடலாம்.