யூனிக்ஸ் சேவையகங்களிடையே இல்ல அடைவை இடம்பெயர்த்தல்: தமிழ்க் கோப்புப் பெயர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பயனர் ஒருவரின் இல்ல அடைவை வேறுவகை யூனிக்ஸ் சேவையகத்திற்கு மாற்றும்போது, கோப்புகளின் உள்ளடக்கம் சிதையாவிடினும் அவற்றின் உரிமையும் பெயரும் மாறக்கூடும். ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் பயிலும் தமிழ்ப் பெயர்களில் இம்மாற்றம் கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்வதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இல்ல அடைவு, ஒருங்குறி, கோப்புப் பெயர், ஆர்சிங்க்

1. முன்னுரை

தரமணியின் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகரின் உ.வே.சா. நூலகம் ஆகியவற்றில் திரட்டிய தரவுகளை நூற்பெயராலேயே கோப்புகளாக்கிச் சேமிப்பது இன்று ஆய்வாளருக்கு எளிது. ஹோம் டைரக்டரி எனப்படும் இல்ல அடைவே அவற்றின் இருப்பிடம். அதனை மேக் கணினியிலிருந்து லினக்ஸ் சேவையகத்திற்கு மாற்றும் சூழலை இங்குச் சான்றாகக் கொள்ளலாம்.

2. உரிமை

யூனிக்ஸ் அமைப்பு கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அன்றி எண்ணால் பதிவு செய்கிறது. மேக் கணினியில் முதற்பயனரின் எண் 501. பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் 1000. எண்ணை அப்படியே படியெடுத்தால் கோப்புகள் உரியவருக்கே திறவாமற்போகலாம். நிர்வாகி உரிமையுடன் இயங்கும் ஆர்சிங்க் இயல்பாகப் பெயரை ஒப்பிட்டே உரிமையாளரைப் பொருத்தும். ஆகவே, இரு கணினிகளிலும் ஒரே பயனர்பெயரை முன்னரே அமைத்தல் வேண்டும்.

3. பெயர்

ஒருங்குறியில் ஒகரக்குறியை இருவகையாக எழுதலாம். பதின்ம எண்ணில் 3018 என்னும் ஒற்றைக் குறியீடு ஒன்று. 3014, 3006 எனும் எகரக்குறி, கால் ஆகியவற்றின் சேர்க்கை மற்றொன்று. ஓகாரம், ஔகாரம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் 'தொல்காப்பியம்' என்னும் பெயர் ஒற்றை வடிவில் 13 குறியீடுகளும் 39 பைட்டுகளும் கொண்டது. பிரிந்த வடிவில் 14 குறியீடுகளும் 42 பைட்டுகளும் கொண்டது. 'புறநானூறு' எவ்வகையிலும் மாறாது, 'குறுந்தொகை' மாறும்.

மேக்கின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்புமுறைமை பெயர்களைப் பிரிந்த வடிவிலேயே சேமித்தது. 2017இல் மேக் கணினிகளுக்கு வந்த ஏ.பி.எஃப்.எஸ். தரப்பட்ட வடிவத்தைக் காப்பினும், தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையோ பெயரை வெறும் பைட்டு வரிசையாகவே காண்கிறது. அதற்கு இரண்டும் வெவ்வேறு கோப்புகள். அதில் பெயரின் உச்ச அளவு 255 பைட்டு. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டு வேண்டுமாதலால் 85 குறியீடுகளே இடம்பெற இயலும்.

4. இழப்பு நேரும் வகை

முதற்படியெடுப்பிற்குப் பின் புதிய சேவையகத்தில் பெயர்களை ஒற்றை வடிவிற்கு மாற்றி, ஆய்வாளர் தம் குறிப்புகளைத் திருத்துகிறார் எனக் கொள்வோம். மூலத்தில் இல்லாதவற்றை நீக்கும் விருப்புடன் ஆர்சிங்க் மீண்டும் இயக்கப்பட்டால், பிரிந்த வடிவப் பெயருடைய பழைய கோப்பு மறுபடி வந்து சேரும். திருத்திய கோப்போ மூலத்தில் இல்லாததாகக் கருதப்பட்டு அழிக்கப்படும். அடைவில் 'குறுந்தொகை' என்னும் பெயர் தோன்றுவதால் இழப்பு உடனே தெரியவராது.

5. வழிமுறை

அ. ஆர்சிங்க் 3ஆம் பதிப்பிலுள்ள ஐகான்வ் விருப்பில், முதலில் உள்ளூர்க் குறியாக்கத்தையும் அடுத்துத் தொலைக் குறியாக்கத்தையும் குறித்துப் பெயர்களை மாற்றலாம். இவ்விருப்பை ஒவ்வொரு முறையும் தவறாது இடுதல் வேண்டும்.
ஆ. பெயர்கள் ஏற்கெனவே பிரிந்த வடிவில் வந்துவிட்டால் கான்வ்எம்வி என்னும் கருவி அவற்றை ஒன்றிணைக்கும். இயல்பாக அது வெள்ளோட்டம் மட்டுமே காட்டுவதால், விளைவைப் பார்த்த பின்னரே உறுதிசெய்யலாம்.
இ. முதலில் வெள்ளோட்டம் பார்க்காமல் நீக்கும் விருப்பைக் கையாளலாகாது.
ஈ. கோப்புகளின் எண்ணிக்கையையும் சரிபார்ப்புத் தொகையையும் ஒப்பிட்ட பின்பும் பழைய அடைவைச் சில காலம் பேணுதல் நன்று.

முடிவுரை

சரிபார்ப்புத் தொகை உள்ளடக்கத்திற்கு மட்டுமே சான்று; பெயருக்கு அது சான்றாகாது. சுவடிப் பதிப்பில் பாடவேறுபாட்டை எழுத்தெழுத்தாக நோக்கும் ஆய்வாளர், தம் கோப்புப் பெயர்களையும் குறியீடு குறியீடாக நோக்குதல் தேவையாகிறது.