முட்டைக்குள் இருந்தே அம்மாவோடு பேசும் குஞ்சு… தெரியுமா?

கடையில் விற்கும் இன்குபேட்டர்கள் அத்தனையும் ஓர் அடைக்கோழியைப் பார்த்துச் செய்தவைதான்! சூடு, ஈரம், காற்று, உருட்டல் என்று அந்தப் பெட்டி சிரமப்பட்டுச் செய்யும் வேலை எல்லாவற்றையும் திண்ணை மூலையில் வைக்கோல் கூடைக்குள் உட்கார்ந்தபடியே அடைக்கோழி செய்து முடிக்கிறது. வீட்டில் குஞ்சு பொரிக்க ஆசையா? முதலில் அடைக்கோழியைக் கவனியுங்கள். வியப்புக்கு மேல் வியப்பு காத்திருக்கிறது!

பத்து நாளில் இட்ட முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பது எப்படி?

சேவலோடு சேர்ந்த கோழி இடும் முட்டையில், அது வெளியே வரும்போதே கரு பல்லாயிரம் செல்களாகப் பெருகியிருக்கும்! ஆனால், வெளியே வந்து சூடு ஆறியதும் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். கோழி அடைக்கு உட்கார்ந்து சூடு ஏறினால்தான் மறுபடி தொடங்கும். முதல் முட்டையும் கடைசி முட்டையும் சேர்ந்து 21-ஆம் நாளில் பொரிக்கும் ரகசியம் இதுதான்.

ஆகவே, சேர்த்து வைக்கும் முட்டையை நிழலான, குளிர்ந்த இடத்தில் கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். ஒரு வாரத்துக்குள் அடை வைத்துவிடுவது நல்லது. நாமக்கல் பண்ணைகளில் இருந்து வரும் வெள்ளை முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் குஞ்சு வராது. அந்தக் கூண்டுகளில் சேவலே கிடையாது!

அடைக்கோழியின் அடிவயிற்றில் இறகு இருக்காது, தெரியுமா?

புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரந்ததும் கோழியின் குணமே மாறிவிடுகிறது. முட்டையிடுவதை நிறுத்தும், கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். அடிவயிற்று இறகு உதிர்ந்து, ரத்தக் குழாய்கள் நிறைந்த வெறும் தோல் முட்டைமேல் நேரடியாகப் படியும். சிறுவிடைக் கோழி ஒன்று பத்துப் பன்னிரண்டு முட்டைகளைத் தாராளமாக மூடிக்கொள்ளும். முட்டையிடுவதற்கென்றே வளர்த்தெடுத்த வெள்ளை லெகார்ன் இனத்துக்கோ இந்தக் குணம் ஏறக்குறைய மறந்தே போய்விட்டது!

நாளுக்கு ஒருமுறை அடைக்கோழி இறங்கி வந்து, தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டுவிட்டு, அரைமணி நேரத்துக்குள் திரும்பிவிடும். அந்த நேரத்தில் முட்டை சற்று ஆறினாலும் கருவுக்கு ஒன்றும் ஆவதில்லை. தெர்மோகோல் பெட்டியில் பல்பு மாட்டிப் பொரிப்பவர்களே, அரைமணி நேர மின்வெட்டுக்குப் பதற வேண்டாம்!

முட்டையை உருட்டாவிட்டால் என்ன ஆகும்?

கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு இறந்துவிடும். கோழி இரவிலும் பகலிலும் அலகால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருப்பது அதனால்தான். ஓரத்து முட்டையை நடுவுக்கும், நடு முட்டையை ஓரத்துக்கும் மாற்றிவிடும். எல்லாவற்றுக்கும் சமமான சூடு! கையால் புரட்டுபவர்கள் ஒரு பக்கம் வட்டமும் மறுபக்கம் பெருக்கல் குறியும் பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். நாளுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை என்று ஒற்றைப்படையில் புரட்டினால், நீண்ட இரவுகளில் தினமும் ஒரே பக்கமாகக் கிடக்காது. 18-ஆம் நாளோடு நிறுத்திவிட வேண்டும். அதன்பின் குஞ்சு வெளியே வருவதற்கான நிலையில் தன்னைத் திருப்பிக்கொள்ளும்.

முட்டை ஓட்டில் சுமார் 10,000 துளைகள்!

கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளைகள் வழியாக 21 நாளில் ஏறத்தாழ 6 லிட்டர் ஆக்சிஜன் உள்ளே போகிறது, 4.5 லிட்டர் கரியமில வாயுவும் 11 லிட்டர் நீராவியும் வெளியேறுகின்றன. மூக்கே இல்லாமல் மூச்சு! நீர் குறையக் குறைய, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகிறது. குஞ்சின் முதல் மூச்சு அந்தக் காற்றில்தான்.

முட்டையைக் கழுவக் கூடாது என்று பாட்டிமார் சொல்வதும் இந்தத் துளைகளால்தான். முட்டைமேல் கோழி பூசி அனுப்பும் மெல்லிய படலம், துளைகள் வழியே கிருமிகள் நுழையாமல் தடுக்கிறது. கழுவினால் அது போய்விடும். பெட்டியில் வைப்பவர்கள் விசிறி ஓட 37.5 டிகிரி செல்சியஸ் சூடு வைத்து, தண்ணீர்க் கிண்ணம் ஒன்றும் வையுங்கள். கடைசி மூன்று நாள் ஈரத்தைக் கூட்டுங்கள்.

இரண்டாம் நாளே இதயம் துடிக்கிறது!

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அடை முட்டைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாளில் ரத்தப் புள்ளியாக இதயம் துடிப்பதை எழுதிவைத்தார். நமக்கு உடைக்கும் வேலையே இல்லை. ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தின்மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். செந்நிற ரத்தக் குழாய்கள் சிலந்திவலையாகப் பரவித் தெரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாகத் தெரிந்தால் கரு கூடவில்லை, எடுத்துவிடலாம். விட்டுவைத்தால் அழுகிய கூமுட்டை வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும்.

ஓட்டுக்குள் இருந்தே பேச்சு!

19, 20-ஆம் நாட்களில் குஞ்சு காற்றறையைக் குத்தி, நுரையீரலால் மூச்சு விடத் தொடங்கும். உடனே ‘கீச் கீச்’ சத்தம்! தாய்க்கோழி தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். காடை இனங்களில் இன்னும் ஆச்சரியம்: முட்டைக்குள் இருக்கும் குஞ்சுகள் ஒன்றுக்கொன்று ‘டிக் டிக்’ ஓசை எழுப்பி, ஒரே சமயத்தில் வெளியே வர ஒத்துக்கொள்கின்றன!

ஓட்டை உடைக்க அலகு நுனியில் ஒரு சிறு முள் இருக்கும். சில நாளில் அது உதிர்ந்துவிடும். ஓட்டில் முதல் விரிசல் விழுந்தபின் குஞ்சு பல மணி நேரம் அசையாமல் கிடக்கலாம். இரக்கப்பட்டு உடைத்துவிடாதீர்கள்! மிச்சமுள்ள மஞ்சள்கருவும் ரத்தமும் உடம்புக்குள் இழுபடும் நேரம் அது. அவசரப்பட்டால் ரத்தம் கொட்டிக் குஞ்சு செத்துப்போகும்.

அந்த மஞ்சள்கருதான் பிறந்த குஞ்சுக்கு இரண்டு நாள் கட்டுச்சோறு! இதை நம்பித்தான் 1918 முதல் அமெரிக்கத் தபால்துறை ஒருநாள் குஞ்சுகளைத் தபாலிலேயே அனுப்பி வருகிறது.

கண்ணிமைதான் தெர்மாமீட்டர்!

எகிப்தில் பழங்காலம் முதலே மண்செங்கல் சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கிறார்கள். சூட்டை அளப்பது எப்படி? முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துப் பார்ப்பார்கள்! வியட்நாமிலும் வங்கதேசத்திலும் சூடாக்கிய நெல் உமிக்குள் முட்டைகளை அடுக்குகிறார்கள். வளர்ந்த கரு தானே சூடு விடும் என்பதால், மூத்த முட்டையின் சூட்டில் புது முட்டை வளர்கிறது!

ஆஸ்திரேலியாவின் மல்லீ பறவையோ அடைக்கே உட்காராது. இலைதழைகளைக் குவித்து மணலால் மூடிவிடும். அவை மக்கும் சூட்டிலேயே முட்டை பொரிக்கும். ஆண் பறவை அலகைக் குவியலுக்குள் விட்டு வெப்பம் பார்த்து, மணலைக் கூட்டியும் குறைத்தும் 33 டிகிரியை ஒட்டி நிறுத்தும். குஞ்சு தானே மணலைத் தோண்டி வெளியே வந்து, ஒரே நாளில் பறந்துவிடும்!

சூடு போதுமா என்று குஞ்சே சொல்லும்!

தாய் இல்லாத குஞ்சுகளுக்குப் பஞ்சாரத்துக்குள் குண்டு பல்பு போதும். குஞ்சுக்கு 2 வாட் என்பது கணக்கு. முதல் வாரம் 35 டிகிரி. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எங்கும் பரவி மேய்ந்தும் தூங்கியும் இருந்தால் சரியான சூடு! தரையில் நெல் உமி பரப்புங்கள். வழவழப்பான காகிதம் மட்டும் போட்டால் கால் வழுக்கிக் கோணிவிடும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டால் குஞ்சு மூழ்காது.

ஒரே இரவில் புரதச் சாப்பாடு தயார்!

பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை, வைக்கோல் போட்டுத் தண்ணீர் தெளித்து, மாலையில் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான்! நொய்யும் கம்பும் தராத சத்தை இது குஞ்சுகளுக்குத் தரும். காசு செலவே இல்லை.

கூட்டல் கழித்தல் தெரிந்த குஞ்சு!

பிறந்து சில நாளே ஆன குஞ்சுகளுக்கு இரண்டு திரைகளுக்குப் பின்னால் பந்துகளை மறைத்து, இடம் மாற்றியும் காட்டினார்கள் இத்தாலிய ஆய்வாளர்கள். அதிகப் பந்து இருக்கும் திரைக்கே குஞ்சுகள் ஓடின! 2009-இல் வெளியான ஆய்வு இது. தாய்க்கோழியும் சளைத்ததல்ல. மேலே பருந்து வந்தால் ஒரு குரல், தரையில் நாய் வந்தால் வேறொரு குரல்! குஞ்சுகளின்மேல் காற்றை ஊதித் தொந்தரவு செய்தபோது, பார்த்துக்கொண்டிருந்த தாயின் இதயத்துடிப்பு ஏறியதாக 2011-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் கண்டறிந்தது.

இவ்வளவு செய்யும் தாய்க்கோழியால் முடியாத காரியம் ஒன்று உண்டு: வெள்ளைக்கழிச்சல் நோயைத் தடுப்பது. அது நம் வேலை. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்தைச் சொட்டாக விட்டுவிடுங்கள். சூடும் ஈரமும் காவலும் தாய்க்கோழி பார்த்துக்கொள்ளட்டும். மருந்தை மட்டும் நாம் மறக்காதிருந்தால், பொரித்த குஞ்சுகள் பெரிசாகி முற்றமெங்கும் மேயும்!