உங்களுக்குத் தெரியுமா? குத்துப்பாட்டுக்குள் ஒரு தேவாரம்!

வெள்ளகோவில் பக்கத்தில் தறிக்குடோன், கல்யாண வீடு, திருவிழாப் பந்தல் என்று எங்கே ஒலித்தாலும் காலைத் தாளம் போடவைக்கும் பாட்டு 'ராக்கம்மா கையத் தட்டு'. 1991-இல் வந்த மணிரத்னத்தின் 'தளபதி' படத்துக்காக இளையராஜா இசையமைத்தது, எழுதியவர் வாலி. பாடியவர்கள் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும்.

வயலின்கள் துள்ளித் தொடங்கி ஆட்டம் களைகட்டும் நேரம், சட்டென்று பெண்குரல்களில் தில்லைக் கூத்தனைப் பாடும் அப்பர் தேவாரம் எழுகிறது. ஏழாம் நூற்றாண்டுப் பதிகம் அது! கொண்டாட்டமும் பக்தியும் ஒன்றையொன்று துளிகூடக் கெடுப்பதில்லை. திரையிசையில் இவ்வளவு துணிச்சலான இணைப்பு அபூர்வம்.



பிபிசி உலகச் சேவை 2002-இல் நடத்திய வாக்கெடுப்பில், உலகின் அபிமானப் பாடல்களில் 'ராக்கம்மா'வுக்கு நான்காம் இடம். பாட்டுக்குள் வரும் அந்தத் தேவாரத்தைப் பாடிய அப்பர் நம் பக்கத்துக்கும் புதியவரல்லர். வெள்ளகோவிலுக்கு வடகிழக்கே காவிரிக்கரையில் இருக்கும் கொடுமுடியையும் அவர் பாடியிருக்கிறார்.